ஜான் காப்

ஜான் ரோட்ஸ் காப் (டிசம்பர் 2, 1899 – செப்டம்பர் 29, 1952) ஒரு பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் ஆவார். இவர் 1938, 1939, 1947 ஆகிய ஆண்டுகளில் உலகத் தரைவேகச் சாதனையை நிலைநாட்டினார். ஒரு திசை ஓட்டத்தில் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தரையில் முதன்முதலில் கடந்தவரும் இவரே. பொறியாளர் ரீட் ரெயில்டன் இவருக்காக வடிவமைத்த ரெயில்டன் ஸ்பெஷல் என்னும் வாகனம், அடிச்சட்டக (சேசிசு) அமைப்பிலும் அதிவேக நிலைத்தன்மையிலும் ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறது. நீர்வேகச் சாதனை முயற்சியின்போது ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் ஏற்பட்ட விபத்தில் காப் உயிரிழந்தார்.

இளமைக்காலம்

காப் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள ஈஷர் என்னும் ஊரில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி ஹால் கல்லூரியிலும் கல்வி கற்றார். பின்னர் விலங்குத் தோல் வணிகத்தில் ஈடுபட்டு அதில் பெரும் வருவாய் ஈட்டினார். புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தடம் இவரது ஊருக்கு அருகிலேயே இருந்தது. இதனால் சிறுவயதிலேயே இவருக்கு மோட்டார்ப் பந்தயங்களில் நாட்டம் உண்டானது.

காப் உயரமும் பருமனும் கொண்ட உடலமைப்பு உடையவர், அதிகம் பேசாதவர். பந்தயத்தை அவர் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவில்லை. தமது வணிகத்தைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே பந்தயங்களில் பங்கேற்றார்.

புரூக்லாண்ட்ஸ் பந்தயங்கள்

காப் 1925 ஆம் ஆண்டில் 1911 ஆம் ஆண்டைய பழைய பியட் மகிழுந்து ஒன்றை ஓட்டிப் பந்தயங்களில் நுழைந்தார். அதன்பின் 10.5 லிட்டர் கொள்ளளவுடைய டெலாஜ் மகிழுந்தில் புரூக்லாண்ட்ஸ் வெளிச்சுற்றுச் சாதனையைப் பெற்றார்.

1933 ஆம் ஆண்டில் தாம்சன் அண்டு டெய்லர் நிறுவனம் இவருக்காக நேப்பியர்-ரெயில்டன் மகிழுந்தைக் கட்டியது. இதனை வடிவமைத்தவர் ரீட் ரெயில்டன் (1895–1977). வானூர்திகளுக்காக உருவாக்கப்பட்ட நேப்பியர் லயன் எஞ்சின் இதில் பொருத்தப்பட்டது. பன்னிரண்டு உருளைகளை மூன்று வரிசைகளில் கொண்ட இந்த எஞ்சினின் கொள்ளளவு 23.9 லிட்டர் ஆகும். இவ்வளவு பெரிய மகிழுந்தில் முன்சக்கரங்களுக்குத் தடுப்பான்கள் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

புரூக்லாண்ட்ஸ் தடம் காங்கிரீட்டால் ஆனது. காலப்போக்கில் அது மேடு பள்ளமாகிவிட்டது. வேய் ஆற்றின் மேல் தடம் செல்லும் இடத்தில் இருந்த மேட்டைக் கடக்கும்போது, வேகமான வாகனங்களின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. இத்தகைய தடத்தில் 1935 அக்டோபர் 7 அன்று காப் மணிக்கு 143.44 மைல் (230.84 கிமீ) சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். 1939 இல் அத்தடம் மூடப்பட்டதால் இச்சாதனை முறியடிக்கப்படாமலே நிலைத்துவிட்டது.

அதே மகிழுந்தில் 1935, 1937 ஆம் ஆண்டுகளின் புரூக்லாண்ட்ஸ் 500 பந்தயங்களில், சக ஓட்டுநர்களுடன் சேர்ந்து வெற்றி பெற்றார். 1936 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பொன்னவில் உப்புச் சமவெளியில், தம் குழுவினருடன் 24 மணிநேர ஓட்டத்தில் மணிக்கு 150.6 மைல் சராசரி வேகத்தை எட்டினார்.

தரைவேகச் சாதனை விதிகள்

தரைவேகச் சாதனையில் வாகனம் ஏற்கனவே வேகமெடுத்த நிலையில் அளக்கப்பட்ட தொலைவுக்குள் நுழைகிறது. காற்று, சரிவு ஆகியவற்றின் உதவியை நீக்குவதற்காக, ஒரு மணிநேரத்திற்குள் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டங்கள் நிகழ்த்தப்பட வேண்டும். இரண்டின் சராசரியே சாதனையாக ஏற்கப்படும். எனவே ஒரு முறை அதிவேகத்தை எட்டுவது மட்டும் போதாது. வாகனம் சேதமின்றித் திரும்பி வந்து, டயர்கள் மாற்றப்பட்டு, மீண்டும் ஓடவேண்டும்.

1935 செப்டம்பர் 3 அன்று மால்கம் காம்பெல், ரெயில்டன் வடிவமைத்த புளூபேர்ட் வாகனத்தில் மணிக்கு 301.13 மைல் வேகத்தை எட்டினார். அதன்பின் இச்சாதனைக்காக ஜார்ஜ் ஐஸ்டனும் காப்பும் போட்டியிட்டனர். ஐஸ்டனின் தண்டர்போல்ட் வாகனம் ஏறத்தாழ 7 டன் எடையும் எட்டுச் சக்கரங்களும் கொண்டது. எடையைக் கூட்டியும் சக்கரங்களைக் கூட்டியும் பிடிமானம் பெறுவது அதன் முறையாகும். ரெயில்டன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தார்.

ரெயில்டன் ஸ்பெஷல்

ரெயில்டன் ஸ்பெஷலின் எடை 3 டன்னுக்குச் சற்று அதிகம். நீளம் 8.74 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 1.30 மீட்டர். மிகையூட்டம் செய்யப்பட்ட இரண்டு நேப்பியர் லயன் எஞ்சின்கள் இதில் பயன்பட்டன. இவை முன்னர் மரியன் கார்ஸ்டேர்ஸ் என்பவரின் விசைப்படகுக்காகக் கட்டப்பட்டவை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,500 குதிரைத்திறன் அளித்தன.

அடிச்சட்டகம்: வழக்கமான மகிழுந்துகளில் இரு பக்கங்களிலும் இரண்டு நீண்ட உத்தரங்கள் செல்லும். அவ்வாறு அமைத்தால் எஞ்சின்களை உத்தரங்களுக்கு இடையில் அல்லது மேலே வைக்க வேண்டியிருக்கும். வாகனம் அகலமாகவோ உயரமாகவோ ஆகிவிடும். ரெயில்டன் இதனைத் தவிர்த்து, முதுகெலும்பு போன்ற ஒரே உத்தரத்தைப் பயன்படுத்தினார். அது மேலிருந்து பார்க்கும்போது ஆங்கில எழுத்து ‘எஸ்’ வடிவில் வளைந்திருந்தது. ஒவ்வொரு வளைவின் உட்புறத்திலும் ஓர் எஞ்சின் சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டது. இதனால் எஞ்சின்கள் தாழ்வாக அமைந்தன. வாகனத்தின் புவியீர்ப்பு மையமும் தாழ்ந்தது.

நான்கு சக்கர இயக்கம்: ஓர் எஞ்சின் முன்சக்கரங்களையும், மற்றொன்று பின்சக்கரங்களையும் இயக்கின. உப்புத்தரையில் டயர்களின் பிடிமானம் குறைவு. முழு ஆற்றலையும் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் அளித்தால் அவை வழுக்கிச் சுழலும், வழுக்கும் சக்கரம் பக்கவாட்டுப் பிடிமானத்தையும் இழக்கும், வாகனம் திசைமாறும். ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்ததால் அதிக எடை இன்றியே போதிய பிடிமானம் கிடைத்தது.

சக்கர இடைவெளி: முன்சக்கரங்களுக்கு இடையே 1.68 மீட்டரும், பின்சக்கரங்களுக்கு இடையே 1.07 மீட்டரும் இடைவெளி இருந்தது. பின்பகுதி குறுகியதால் உடற்கூடு நீர்த்துளி வடிவில் ஒடுங்கிச் செல்ல முடிந்தது. உடற்கூட்டின் மாதிரிகள் பிரித்தானியத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டன.

குளிர்விப்பு: குளிர்விப்பானுக்காக முகப்பில் துளை இட்டால் காற்றுத்தடை கூடும். எனவே துளைக்குப் பதிலாகப் பனிக்கட்டி இடப்பட்ட நீர்த்தொட்டி ஒன்று பொருத்தப்பட்டது. ஓட்டம் சில நிமிடங்களே நீடிப்பதால் இதுவே போதுமானதாக இருந்தது.

ஓட்டுநர் இருக்கை வாகனத்தின் மூக்குப்பகுதியில், முன்சக்கரங்களுக்கும் முன்னால் அமைந்தது. உடற்கூடு முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கி எடுக்கலாம். ஓட்டங்களுக்கு இடையில் டயர்களையும் பனிக்கட்டியையும் விரைந்து மாற்ற இது உதவியது.

சாதனைகள்

1938 செப்டம்பர் 15 அன்று பொன்னவில்லில் காப் மணிக்கு 350.20 மைல் (563.59 கிமீ) வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். மறுநாளே ஐஸ்டன் மணிக்கு 357.50 மைல் வேகத்தில் அதனை முறியடித்தார். 1939 ஆகஸ்ட் 23 அன்று காப் மணிக்கு 369.70 மைல் (594.97 கிமீ) வேகத்தில் சாதனையை மீட்டார். அடுத்த சில நாட்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

போர்க்காலத்தில் இவர் பிரித்தானிய வான்படையில் பணியாற்றினார். பின்னர் வான்போக்குவரத்துத் துணைப்படையில் விமானங்களை இடம் மாற்றும் பணியைச் செய்தார்.

1947 இல் காப் மீண்டும் பொன்னவில் சென்றார். செப்டம்பர் 16 அன்று ஒரு திசையில் மணிக்கு 385.6 மைல், மறுதிசையில் மணிக்கு 403.1 மைல் என ஓடி, மணிக்கு 394.19 மைல் (634.4 கிமீ) சராசரி வேகத்தைப் பதிவு செய்தார். அப்போது இவருக்கு வயது 47. இதற்காக அவ்வாண்டின் சீகிரேவ் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

1963 இல் அமெரிக்கரான கிரெய்க் பிரீட்லவ் தாரை எஞ்சின் பொருத்திய மூன்று சக்கர வாகனத்தில் இவ்வேகத்தைக் கடந்தார். எனினும், எஞ்சினால் சக்கரங்களைச் சுழற்றி ஓடும் வாகனங்களின் பிரிவில் காப்பின் சாதனை 1964 ஜூலை 17 வரை நீடித்தது. அன்று டொனால்ட் காம்பெல் மணிக்கு 403.10 மைல் வேகத்தை எட்டினார். அவரது புளூபேர்ட் வாகனம் சுழலி எஞ்சினால் இயங்கியது.

தனிவாழ்க்கை

காப் 1947 இல் எலிசபெத் மிட்செல்-சுமித் என்பவரை மணந்தார். அவர் 1948 இல் நோயுற்று இறந்தார். 1950 இல் வேரா ஹென்டர்சனை மணந்தார்.

நெஸ் ஏரி விபத்து

தரையைப் போலவே நீரிலும் சாதனை படைக்க விரும்பிய காப், குரூசேடர் என்னும் படகைக் கட்டச் செய்தார். ரெயில்டனும், வோஸ்பர் நிறுவனத்தின் பீட்டர் டு கேனும் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றனர். டி ஹேவிலண்ட் கோஸ்ட் தாரை எஞ்சின் இதனை இயக்கியது. அக்காலத்து விரைவுப் படகுகளில் முன்புறம் இரண்டும் பின்புறம் ஒன்றுமாக நீரைத் தொடும் தளங்கள் இருந்தன. குரூசேடரில் இது மாற்றப்பட்டு, முன்புறம் ஒன்றும் பின்புறம் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டும் அமைக்கப்பட்டன. இதனால் முன்தளம் தாங்க வேண்டிய சுமை மிகுந்தது. சோதனை ஓட்டங்களின்போதே அப்பகுதி சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்டது.

1952 செப்டம்பர் 29 அன்று காப் அளக்கப்பட்ட மைலை மணிக்கு 206.89 மைல் (332.96 கிமீ) வேகத்தில் கடந்தார். அப்போதைய நீர்வேகச் சாதனை மணிக்கு 178.497 மைல் ஆகும். ஆனால் அந்த மைலின் முடிவில் படகு நீரலைகளில் மோதிக் குலுங்கி, மூக்கு நீரில் புதைந்து சிதறியது. காப் அங்கேயே உயிரிழந்தார். துணைப்படகு எழுப்பிய அலைகளும், முன்தளம் உடைந்தமையும் விபத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. திரும்பு ஓட்டம் நிகழாததால் அந்த வேகம் சாதனையாக ஏற்கப்படவில்லை. நீரில் மணிக்கு 200 மைலைக் கடந்த முதல் அதிகாரப்பூர்வச் சாதனையை 1955 இல் டொனால்ட் காம்பெல் படைத்தார்.

காப்பின் உடல் ஈஷரில் அடக்கம் செய்யப்பட்டது. கிளென் அர்க்கர்ட் பகுதி மக்கள் ஏரிக்கரையில் இவருக்குக் கல்லால் ஆன நினைவுச்சின்னம் எழுப்பினர்.

பொறியியல் முக்கியத்துவம்

காப்பின் இரு வாகனங்களும் நிலைத்தன்மை குறித்த ஒரே சிக்கலின் இரு வடிவங்களைக் காட்டுகின்றன. வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். எனவே குறைந்த வேகத்தில் பொருட்படுத்தத் தேவையற்ற சிறு விலகலும் அதிவேகத்தில் வாகனத்தைத் திருப்பிவிடவோ தூக்கிவிடவோ போதுமானதாகிறது. ரெயில்டன் ஸ்பெஷலில் தாழ்ந்த புவியீர்ப்பு மையம், நான்கு சக்கர இயக்கம், ஒழுங்கான உடற்கூடு ஆகியவை அடிச்சட்டகத்திலிருந்தே ஒன்றாகத் திட்டமிடப்பட்டன. தரை பெரும்பாலும் சமமாகவும் அசையாமலும் இருந்தது. நீரின் மேற்பரப்போ ஒவ்வொரு நொடியும் மாறக்கூடியது. அங்கே வடிவமைப்பாளரின் கணக்குக்கு உட்படாத ஒரு சிறு அலையே படகைத் தகர்க்கப் போதுமானதாக இருந்தது.

நான்கு சக்கர இயக்கம் பின்னாளில் டொனால்ட் காம்பெலின் புளூபேர்ட் மகிழுந்திலும் இடம்பெற்றது. ரெயில்டன் ஸ்பெஷல் பர்மிங்காம் நகரின் திங்டேங்க் அறிவியல் அருங்காட்சியகத்திலும், நேப்பியர்-ரெயில்டன் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. குரூசேடரின் சிதைவுகள் நெஸ் ஏரியின் அடியில் உள்ளன.