குற்றவாளியிடம் சமுதாயத்தைக் கண்டவர்

ஊரில் ஒரு திருடன் பிடிபட்டால் நொடியில் கூட்டம் கூடிவிடுகிறது. அவன் ஏன் திருடினான் என்று கேட்போர் உண்டு. என்ன தண்டனை கொடுக்கலாம் என்று கேட்போர் அதைவிடப் பலர். கூட்டம் ஏன் கூடியது என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்டவர் எமில் துர்கைம். சமூகவியல் பயிலும் நண்பர்கள் தேர்வுக்காகவேனும் அவர் பெயரை அறிந்திருப்பர். ஏனையோரும் அறியத்தக்க வாழ்வு அவருடையது.

பிரான்சின் கிழக்கே, லொரேன் பகுதியிலுள்ள எபினால் நகரில் 1858 ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் யூத மதகுரு. மகனும் அவ்வழியே நடப்பான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவர் உள்ளமோ கல்வியை நாடிற்று. 1870-ல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது, எபினாலில் பகைவர் படை புகுந்தது. தோல்விக்கு யூதர்களே காரணம் என்ற பழி எங்கும் எழுந்தது. பன்னிரண்டு வயதில் கண்ட அதனை அவர் மறக்கவில்லை. 1899-ல் அதை நினைவுகூர்ந்து எழுதினார். துன்புற்ற சமுதாயம் தன் துன்பத்திற்குப் பொறுப்பாக்க ஓர் ஆளைத் தேடும் என்பது அவர் கண்ட உண்மை.

பாரிஸ் நகரின் புகழ்பெற்ற எக்கோல் நொர்மால் கல்லூரியில் அவருக்கு எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. இருமுறை தவறி, மூன்றாம் முறையே, 1879-ல், நுழைந்தார். தேர்வில் இடறும் நம் நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்! பின்னாளில் பெருந்தலைவராய் விளங்கிய ழான் ழொரேயும், தத்துவ அறிஞர் பெர்க்சனும் அங்கே அவருடன் பயின்றவர்கள். படிப்பு முடிந்து சில ஆண்டுகள் பள்ளிகளில் தத்துவம் கற்பித்தார். ஜெர்மனி சென்று வந்தார். 1887-ல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவருடைய பெரும் நூல்களுள் மூன்று அங்கிருந்த நாட்களிலேயே, 1893, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில், வெளிவந்தன.

அக்காலத்தில் குற்றத்தைப் பற்றி ஓங்கி ஒலித்த குரல் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோவினுடையது. 1876-ல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவன், அவன் மண்டையோட்டிலும் தாடையிலும் அதன் அடையாளம் உண்டு என்று அவர் வாதிட்டார். பிறப்பைக் கொண்டு குற்றத்தை முடிவுகட்டும் எண்ணம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. நம் நாட்டில் ஆங்கில ஆட்சி 1871-ல் இயற்றிய சட்டம், பல இனத்தாரை முழுமையாகவே குற்றப் பரம்பரை என்று பதிவு செய்தது. 1952-ல்தான் அது ஒழிந்தது.

துர்கைம் மண்டையோட்டை அளக்கவில்லை, சமுதாயத்தை அளந்தார். குற்றம் இல்லாத சமுதாயம் எங்குமே இல்லை. எங்கும் எப்போதும் இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது? துறவிகள் மட்டுமே வாழும் மடத்தைக் கற்பனை செய்வோம். அங்கே கொலையும் களவும் இரா. ஆனால் நமக்குச் சிறு பிழையாகத் தோன்றுவது அங்கே பெருங்குற்றமாகிவிடும். ஆகவே செயலில் மட்டும் குற்றம் இல்லை. அதைக் கண்டு சினக்கும் சமுதாய உள்ளத்திலும் இருக்கிறது. தண்டனையின் முதற் பயன் குற்றவாளியைத் திருத்துவதன்று. நல்லவர்களை ஒன்றுகூட்டி, அவர்கள் போற்றும் நெறியை உறுதிப்படுத்துவதே. சில வேளை இன்றைய குற்றவாளி நாளைய வழிகாட்டியாவதும் உண்டு. ஏதென்ஸ் நகரம் சாக்ரடீசைச் சட்டப்படியே தண்டித்தது அன்றோ?

இக்கருத்து புயலை எழுப்பியது. குற்றவியலில் பெயர்பெற்ற கப்ரியேல் தார்த் கடுமையாக மறுத்தார். குற்றத்துக்குப் பரிந்து பேசுவதாகவும் பழி வந்தது. உடலுக்கு வலி இயல்பு; அதனால் வலியை எவரும் விரும்புவதில்லை. குற்றமும் அப்படித்தான் என்பது துர்கைமின் விளக்கம்.

1897-ல் தற்கொலையைப் பற்றி எழுதினார். தனிமனிதனின் அந்தரங்கத் துயரம் என்று நாம் எண்ணும் அதுவும், நாட்டுக்கு நாடு வேறுபட்டு, ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் நிகழ்வதைப் புள்ளிவிவரங்களால் காட்டினார். வாணிப வீழ்ச்சியில் மட்டுமன்றித் திடீர் வளத்திலும் அது பெருகுகிறது. ஆசைக்கு வரம்பு கட்டும் நெறிகள் குலையும் அந்நிலைக்கு அனோமி, அதாவது நெறியின்மை, என்று பெயரிட்டார். அமெரிக்க அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1938-ல் அச்சொல்லை எடுத்து வளர்த்தார். செல்வமே குறிக்கோள் என்று எல்லோருக்கும் கற்பித்துவிட்டு, அதை அடையும் வழியைச் சிலருக்கே திறந்துவைக்கும் சமுதாயம், மற்றவர்களைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது என்றார்.

துர்கைமின் கொள்கைக்குச் சோதனை நேர்ந்தது. 1894-ல் திரேஃபுஸ் என்ற யூதப் படைத்தலைவர், செய்யாத ஒற்றுவேலைக்காகத் தண்டிக்கப்பட்டுத் தொலைதூரத் தீவில் அடைக்கப்பட்டார். நாடே சினந்து ஒன்றுபட்டது. தண்டனை சமுதாயத்தை ஒன்றாக்கும் என்றவர் இதை ஏற்றிருக்கலாம், அவர் ஏற்கவில்லை. இக்காலச் சமுதாயத்தைக் கட்டிக்காக்கும் புனிதப் பொருள் மனிதனின் மாண்பே. ஒரு நிரபராதியைப் பலியிட்டால் அந்த அடித்தளமே சரியும் என்று 1898-ல் எழுதினார். 1906-ல் திரேஃபுஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று.

1902-ல் பாரிஸின் சொர்போன் அவரை அழைத்துக்கொண்டது. 1914-ல் உலகப் போர் வந்தது. மாணவர் பலர் களத்தில் மடிந்தனர். மொழியியலில் ஈடுபட்டிருந்த ஒரே மகன் ஆந்திரே, 1915 இறுதியில் பால்கன் போர்முனையில் மாண்டான். அடுத்த ஆண்டு, நாட்டுக்காக ஓயாது உழைத்துவந்த அவரையே ஜெர்மனியின் கையாள் என்று செனட் உறுப்பினர் ஒருவர் அவையில் பழித்தார். கல்வி அமைச்சர் கண்டித்த பின்னரே அப்பேச்சு திரும்பப் பெறப்பட்டது. சிறுவயதில் பிறர்மேல் விழக் கண்ட பழி, முதுமையில் அவர் மேலேயே விழுந்தது. மகனை இழந்த துயரிலிருந்து மீளாமல், 1917 நவம்பர் 15 அன்று, ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே! குற்றம் நடந்த செய்தி கேட்டதும் நம் சினம் பொங்குவது இயற்கை. அச்சினம் நெறியைக் காக்கவும் வல்லது; நிரபராதியை அழிக்கவும் வல்லது. இவ்விரண்டில் அது எதைச் செய்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கமே துர்கைம் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.