பேச்சு வராது, வசவு மட்டும் வரும்... மூளையின் புதிரை அவிழ்த்த பால் புரோக்கா!

1861 ஏப்ரல். பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனை. கால் அழுகிய நிலையில் லெபோர்ன் என்ற 51 வயது நோயாளியை, அறுவை சிகிச்சை நிபுணர் பால் புரோக்காவிடம் கொண்டு வந்தார்கள். 21 வருஷமா அவர் எதைக் கேட்டாலும் சொன்னது 'டான்' மட்டும்தான். ஆனா, பிறர் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. கோபம் தலைக்கேறினால் ஒரு வசவும் வாயில் வந்துவிடும்!

சில நாளில் அவர் இறந்தார். மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். அதே ஆண்டில், ஐந்தே சொற்கள் பேசிய 84 வயது லெலோங்குக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில் பாதிப்பு. பலரை ஆராய்ந்தபின், பேச்சுக்குப் பெரும்பாலும் இடது மூளையே பொறுப்பு என்று 1865-ல் எழுதினார். அந்த இடம்தான் இன்றைய 'புரோக்கா பகுதி'.

யார் இவர்? 1824-ல் பிரான்ஸின் சின்ன ஊரான சான்ட்-ஃபுவா-லா-கிராந்தில் பிறந்த டாக்டர் மகன். மூளையின் அளவை வைத்து இனங்களையும் பெண்களையும் தாழ்த்தி எடைபோட்டது அவர் செய்த பெரிய பிழை. அறிவியல் அதை நிராகரித்துவிட்டது. 1880-ல், 56 வயதில் மறைந்தார்.

அவர் திறந்த கதவு மூடவில்லை. இந்தப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு 'தண்ணீர்', 'வீடு' போன்ற சொற்கள் ஓரளவு வரும். அவற்றை வாக்கியமாகக் கோர்க்கும் சின்னச் சின்ன இலக்கண உருபுகள்தான் நழுவும் அல்லது மாறிப்போகும். வசவு, வணக்கம், எண்ணிக்கை போல தானாக வரும் சொற்களோ பலருக்குத் தப்பிவிடும். அதாவது, எல்லாச் சொல்லுக்கும் மூளையில் ஒரே பாதை இல்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் யாருக்காவது பேச்சு தடுமாறுதா? புத்தி போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. சொல்தான் சிக்கியிருக்கலாம், ஆள் உள்ளேதான் இருக்கார்.