கப்பல் ஏறிய தூரிகை: சீனா, ஜப்பானில் இருந்து நந்தலால் போஸ் கொண்டுவந்தது என்ன?

இந்திய அரசியலமைப்பின் மூலப் பிரதியை போன் திரையிலாவது பார்த்திருப்பீர்கள். மொகஞ்சதாரோ காளை, நடராஜர், மாமல்லபுரம் சிற்பக் காட்சி, தண்டிக்கு நடந்துபோகும் காந்தி என்று அதன் பகுதிகள் ஒவ்வொன்றும் ஓவியத்தோடு தொடங்கும். அவற்றை உருவாக்கியவர்கள் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும்தான். ‘அசல் இந்திய ஓவியர்’ என்று கொண்டாடப்படும் இந்த மனிதர், தூரிகையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதில் ஒரு பாதிக் கதை ஜப்பானிலும் சீனாவிலும் இருக்கிறது.

யார் இந்த நந்தலால்?

1882 டிசம்பர் 3-ம் தேதி பிகாரின் முங்கேர் பகுதியில் உள்ள கரக்பூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்புக்காக கல்கத்தா வந்தார். ஆனால் கல்லூரிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. 1905-ல் அரசு கலைப் பள்ளியில் அபனிந்திரநாத் தாகூரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அது வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு. ஊரெங்கும் சுதேசி இயக்கம். ஐரோப்பிய பாணியை அப்படியே பார்த்து வரைவதுதான் ஓவியப் படிப்பா என்ற கேள்வி சூடாக எழுந்தது. 1909-ல் அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்கும் குழுவில் நந்தலாலும் போனார். ஆங்கிலேய ஓவியர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் தலைமையிலான குழு அது. ஒரு கோட்டிலேயே உடலின் அசைவைக் கொண்டுவரும் வித்தையை அவர் பார்த்தது அங்கேதான்.

ஜப்பான் வீட்டுக்கே வந்தது

ஜப்பான் தொடர்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கலை அறிஞர் ஒகாகுரா காகுசோ 1902-ல் இந்தியா வந்து தாகூர் குடும்பத்தோடு நெருக்கமானார். அடுத்த ஆண்டே யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். தைகான் தாளை ஈரப்படுத்தி வண்ணத்தைக் கரைத்து விடுவதைப் பார்த்துதான், அபனிந்திரநாத் தன்னுடைய ‘வாஷ்’ முறையை உருவாக்கினார்.

நந்தலாலுக்கு நேரடியாக வாய்த்தவர் அராய் கம்போ. ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் 1916-ல் வந்த இவர், தாகூர்களின் ஜோராசாங்கோ வீட்டில் நடந்த ‘விசித்ரா’ கலைக்கூடத்தில் ஜப்பானிய மைத்தூரிகை முறையைச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு, அஜந்தா சுவர்களை ஜப்பானுக்காகப் படியெடுத்தார். அந்தப் படிகள் 1923 டோக்கியோ நிலநடுக்கத்தில் அழிந்துபோயின. தூரிகைப் பாடம் மட்டும் நந்தலாலின் கையில் தங்கிவிட்டது.

1924: கடல் கடந்த பயணம்

இதற்கிடையில் சாந்திநிகேதனில் கலா பவனத்தை 1919-ல் தொடங்கியிருந்தார் ரவீந்திரநாத். அதை வழிநடத்த நந்தலாலை அழைத்தார். குரு அபனிந்திரநாத்தோ கல்கத்தாவிலேயே இருக்கச் சொன்னார். இருவருக்கும் நடுவே சில காலம் அலைந்துவிட்டு, நந்தலால் சாந்திநிகேதனையே தேர்ந்தெடுத்தார்.

1924 மார்ச்சில் தாகூர் சீனாவுக்குக் கப்பல் ஏறியபோது, கூடவே நந்தலாலும் போனார். சம்ஸ்கிருத அறிஞர் க்ஷிதிமோகன் சென், வரலாற்றாளர் காளிதாஸ் நாக், ஆங்கிலேயர் லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் ஆகியோரும் குழுவில் இருந்தார்கள். ஏப்ரலில் ஷாங்காய், பிறகு பெய்ஜிங்.

தாகூரின் பேச்சுகளுக்கு அங்கே கலவையான வரவேற்புதான். கீழை ஆன்மிகம் பேசினால் சீனா பின்தங்கிவிடும் என்று இடதுசாரி இளைஞர்கள் எதிர்த்தார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். நந்தலாலின் வேலைக்கு மேடை தேவைப்படவில்லை. அவர் பார்த்தார், வரைந்தார், சேகரித்தார். சீனக் கல்சிற்பங்களின் மேல் தாள் ஒட்டி மையால் எடுத்த படிகள், மரக்கட்டை அச்சுகள் என்று சீனாவிலும் ஜப்பானிலும் கிடைத்தவை கலா பவனத்துக்கு வந்தன. மாணவர்களுக்கு அவைதான் பாடப்புத்தகம்.

கற்றதை என்ன செய்தார்?

பார்த்ததை அப்படியே நகலெடுத்திருந்தால், ஐரோப்பாவைப் பின்பற்றியதற்கு பதில் ஜப்பானைப் பின்பற்றியது என்றுதான் ஆகியிருக்கும். நந்தலால் செய்தது வேறு. மரத்தைக் கீழிருந்து மேலாக, அது வளரும் திசையிலேயே வரையச் சொன்னார். மைத்தூரிகையோடு சந்தால் கிராமங்களைச் சுற்றி வந்தார். சுவரோவியத்துக்கு ஜெய்ப்பூர்க் கைவினைஞரை வரவழைத்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகம் நடந்தபோது, கம்பூன்றி நடக்கும் காந்தியை லினோ அச்சில் கறுப்பு வெள்ளையில் செதுக்கினார். 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு, தாளில் மண் நிறங்களால் உழவர், தச்சர், மேளம் அடிப்பவர் என்று சாதாரண மக்களை வரைந்து பந்தல்களில் மாட்டினார்.

நட்புக்கு வந்த சோதனை

1937-ல் ஜப்பான் சீனா மீது முழுப் போர் தொடுத்தது. ‘ஆசியா ஒன்று’ என்ற ஒகாகுராவின் கனவு உடைந்தது. தாகூர் ஜப்பானை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே 1937-ல்தான் சாந்திநிகேதனில் சீன பவனம் திறக்கப்பட்டது. 1939-ல் சீன ஓவியர் சூ பெய்ஹோங் அங்கே வந்து தங்கினார். போரில் பாதிக்கப்பட்ட சொந்த நாட்டு மக்களுக்காகக் கண்காட்சிகள் நடத்தி நிதி திரட்டிக்கொண்டிருந்தவர் அவர். மலையையே பெயர்க்கக் கிளம்பிய முதியவரின் கதையைப் பெரிய ஓவியமாக அவர் தீட்டியது, 1940-ல் இந்தியாவில் இருந்தபோதுதான்.

ஜப்பானியரிடம் தூரிகை கற்ற ஒருவர் நடத்திய வளாகத்தில், ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த நாட்டின் ஓவியருக்கும் இடம் இருந்தது. ஓர் அரசின் போரை எதிர்க்க, அந்த நாட்டின் கலையையும் தூக்கி எறிய வேண்டியதில்லை என்று கலா பவனம் நடந்து காட்டியது.

பிறகு?

1951 வரை கலா பவனத்தின் பொறுப்பில் இருந்தார். விநோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், சத்யஜித் ராய் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்ற கே.ஜி.சுப்ரமணியனும் 1944-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1954-ல் நந்தலாலுக்கு பத்ம விபூஷண் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் சின்னச் சின்ன தாள்களில், கறுப்பு மையில்தான் வரைந்தார்: ஒரு பைன் மரம், ஓர் ஆடு, மலைச்சரிவு. 1966 ஏப்ரல் 16-ம் தேதி காலமானார்.