65 விழுக்காட்டுக்கு அப்பால்

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமை ஒரே ஓர் எண்ணுக்குள் நாம் அடைத்துவிட்டோம் என்றே கருதுகிறேன். 1933-இல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாஜிப் படுகொலைகளுக்குச் சாதாரண மனிதர்கள் எவ்வாறு துணைநின்றனர் என்ற கேள்வியே, 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனைக்கு வித்திட்டது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப் பணிக்கப்பட்ட 40 பேரில் 26 பேர், இறுதி அளவான 450 வோல்ட் வரை சென்றனர். அதிர்ச்சி போலியானது என்பதை அவர்கள் அறியார்.

உலகம் இந்த 65 விழுக்காட்டோடு நின்றுவிட்டது, மில்கிராம் நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர்தான் மக்களைப் பணியவைத்ததோ என்று ஐயுற்று, பிரிட்ஜ்போர்ட் நகரின் எளிய அலுவலகக் கட்டடமொன்றில் சோதனையை நடத்தினார். பணிந்தோர் 47.5 விழுக்காடாகக் குறைந்தனர். அதிர்ச்சிக்கு உள்ளாகுபவர் கண்ணெதிரே அமர்ந்தபோது 40. கட்டளை தொலைபேசிவழி வந்தபோது ஏறத்தாழ 20. ஒரு நிபந்தனையை மாற்றி, பிறவற்றை இயன்றவரை மாற்றாமல் ஒப்பிடுவதே ஆய்வில் கட்டுப்பாடு எனப்படுவது.

பங்கேற்றோரை ஏமாற்றி வதைத்தார் என்ற கண்டனம் அவரைத் தொடர்ந்தது, அது நியாயமானதே. ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிட்டவில்லை. 1984-இல், 51-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார்.

மனித இயல்பே கொடியது என்பதற்குச் சான்றாக அவரது எண்ணை இன்றும் பலர் எடுத்துரைக்கின்றனர். அந்த எண் எந்தச் சூழலில் பிறந்தது என்று கேட்டுப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் நியாயம்.