ராஜாஜி ஜனாதிபதி ஆகாதது ஏன்?

ஓசூருக்குப் பக்கத்தில் சானமாவுக் காடு இருக்கிறது. யானைக் கூட்டம் வந்து தங்கும் காடு. கர்நாடக எல்லை அங்கிருந்து அதிக தூரமில்லை. இன்று அந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அன்று ராகி விளையும் சிற்றூர்கள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று தொரப்பள்ளி. அந்த ஊர் முன்சீப் சக்கரவர்த்தி ஐயங்காருக்கு 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எழுபது வயதை நெருங்கும்போது, அந்தக் கிராமத்துப் பிள்ளை டில்லியில் வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில் குடியேறினார். அவர்தான் ராஜாஜி. கவர்னர் ஜெனரல் பதவி வகித்த ஒரே இந்தியர்.

1950-ல் இந்தியா குடியரசு ஆனது. கவர்னர் ஜெனரல் பதவி போய், ஜனாதிபதி பதவி வந்தது. மாளிகை அதேதான். ஆனால் அதில் இருந்த ராஜாஜி வெளியேற, பாபு ராஜேந்திர பிரசாத் உள்ளே வந்தார். பிரதம மந்திரி நேரு விரும்பியும் ராஜாஜி ஏன் ஜனாதிபதி ஆகவில்லை?

அதை அறிய 1942-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பே ராஜாஜி பெரிய தலைவர். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திக் கை நிறையச் சம்பாதித்தவர். காந்தியடிகள் அழைத்ததும் தொழிலை விட்டார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்து சென்று உப்பு எடுத்தார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதம மந்திரி ஆனார். மதுவிலக்கை முதன்முதலில் தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் கொண்டுவந்தார். ஓசூரும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது.

தனி வழி

1942-ல் யுத்தம் இந்தியாவின் வாசலுக்கு வந்துவிட்டது. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் தேசிய சர்க்கார் அமைய வேண்டும், அதற்கு முஸ்லிம் லீகுடன் சமரசம் வேண்டும் என்று ராஜாஜி கருதினார். பிரிந்து போகும் உரிமையைக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டு லீகுடன் பேசலாம் என்றார். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவர் யோசனைக்கு 15 ஓட்டுகளே கிடைத்தன. எதிர்ப்பு ஓட்டுகள் 120. அவர் மனம் மாறவில்லை. காங்கிரசை விட்டார். சட்டசபைப் பதவியையும் விட்டார்.

ஆகஸ்டு மாதம் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. காந்தியடிகள், நேரு, படேல், ராஜேந்திர பிரசாத் எல்லோரும் சிறை சென்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத் தவித்தன. பல முறை சிறை கண்ட ராஜாஜி, அந்த முறை வெளியே இருந்தார். பயந்து அல்ல, அந்தப் போராட்டம் தவறு என்று நினைத்தார். ஆனால் சிறையிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

1945-ல் அவர் காங்கிரசுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தேர்தல். பழைய பிரதம மந்திரி மறுபடி வரலாமா கூடாதா என்று தமிழ்நாடு இரண்டுபட்டது. காமராஜரும் அவரைச் சேர்ந்தவர்களும் கூடாது என்றார்கள். காந்தியடிகளோ ராஜாஜி பக்கம் பேசினார். அதில் மனம் வருந்திய காமராஜர் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். ராஜாஜியும் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார். ஆந்திர கேசரி பிரகாசம் பிரதம மந்திரி ஆனார்.

டில்லி விவாதம்

1947-ல் தேசம் பிரிந்தது. ராஜாஜி சொன்னபோது சீறியவர்களே பிரிவினையை ஏற்க வேண்டி வந்தது. அவர் முதலில் மத்திய மந்திரி, பிறகு வங்காள கவர்னர், 1948 ஜூனில் கவர்னர் ஜெனரல். எளிமையாக வாழ்ந்தார், நேருவோடு ஒத்துப் போனார். அவரே ஜனாதிபதியாகத் தொடரட்டும் என்பது நேருவின் எண்ணம். 1949 செப்டம்பரில் ராஜேந்திர பிரசாத்துக்கு அப்படியே கடிதம் எழுதினார். அரசியல் நிர்ணய சபையின் தலைவராயிருந்த பிரசாத்துக்கு அது மனவருத்தம் தந்தது. அவரை ஒதுக்கிவிட முடியாது என்று நேருவுக்குச் சீக்கிரமே தெரிந்தது.

அமெரிக்காவில் கட்சி அபேட்சகர் யார் என்பதற்கே மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு நடக்கிறது. டில்லியில் அது நாலு சுவருக்குள் நடந்தது. அக்டோபரில் கூடிய காங்கிரஸ் அங்கத்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ராஜாஜியை எதிர்த்தார்கள். முக்கியக் காரணம் 1942. மூன்று ஆண்டு சிறையில் இருந்த பிரசாத் இருக்க, வெளியே இருந்தவருக்கு முதல் ஸ்தானமா? இதுதான் கேள்வி. நேரு தாமும் அதே மூன்று ஆண்டு சிறையில் கிடந்தவர்தான். அவரால் மறக்க முடிந்ததை மற்றவர்களால் மறக்க முடியவில்லை. படேலும் கடைசியில் பிரசாத் பக்கமே சாய்ந்தார். ராஜாஜி போட்டியில் இறங்கவில்லை. 1950 ஜனவரி 24-ந் தேதி பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

இரண்டு நாள் கழித்து தர்பார் மண்டபத்தில் விழா. இந்தியா குடியரசாகிவிட்டது என்ற பிரகடனத்தை வாசித்தவர் ராஜாஜி. அதோடு அவர் பதவி தீர்ந்தது. அடுத்து பிரசாத் பிரமாணம் எடுத்துக்கொண்டார். தமக்குக் கிடைக்காத பதவிக்குத் தாமே வழிவிட்டு நின்ற அந்தக் காட்சி அபூர்வமானது.

மீண்டும் அழைப்பு

கதை அங்கே முடியவில்லை. நேரு அழைக்க, ராஜாஜி மத்திய மந்திரி ஆனார். படேல் காலமான பிறகு உள்நாட்டு இலாகாவைக் கவனித்தார். 1951 கடைசியில் விலகி ஊர் வந்தார். 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் ஒன்று சேர்ந்தன. தத்தளித்த காங்கிரஸ்காரர்கள் ராஜாஜியின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வேண்டாம் என்றவர்களே வாருங்கள் என்றார்கள்!

அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். ஜனங்களின் ஓட்டு இல்லாமல் முதல் மந்திரியா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. நியாயமான கேள்விதான், நேருவுக்கே அந்த வழி பிடிக்கவில்லை. ஆயினும் 1952 ஏப்ரல் 10-ந் தேதி ராஜாஜி பதவி ஏற்றார். உணவு ரேஷனை எடுத்தார், ஜனங்கள் மகிழ்ந்தார்கள். 1953-ல் பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றார். குலத்தொழிலுக்கே திரும்பச் சொல்லுகிறாரா என்று நாடு கொதித்தது. 1954 ஏப்ரலில் அவர் விலக, காமராஜர் முதல் மந்திரி ஆனார். அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.