உழவரை ஒன்றுசேர்த்த திரிபுவன்தாஸ் படேல்

குட்டிகளை ஈன்று பாலூட்டி வளர்க்கும் விலங்குகள் பாலூட்டிகள் எனப்படும். பசுவும் எருமையும் கன்று ஈன்ற பின்னரே பால் சுரக்கும். முதலில் சுரக்கும் சீம்பால் கன்றுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றலை அளிக்கிறது. அதன்பின் ஏறத்தாழப் பத்து மாதங்கள் கறவை நீடிக்கும். மடியில் பால் தேங்கினால் சுரப்புக் குறையும்; ஆதலால் நாள்தோறும் காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். கறந்த பாலோ வெப்பநாட்டில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். நெல்லைக் குதிரில் சேர்த்துவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பாலை அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. இவ்வியல்பே பால் உழவரை வணிகரின் விலைக்குப் பணிய வைத்தது. அந்நிலையை மாற்ற உழைத்தவர் திரிபுவன்தாஸ் படேல்.

திமிலுடைய மாட்டினத்தை இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பழக்கி வளர்த்தனர். அவ்வழியில் வந்தவையே சித்தூர்ப் பகுதியின் புங்கனூர்க் குட்டை மாடும் கொங்கு நாட்டின் காங்கேயம் மாடும். குஜராத்தின் கேடா மாவட்டத்திலோ எருமையே முதன்மையான கறவை விலங்கு. அந்நாளில் அம்மாவட்டத்தில் இருந்த ஆனந்த் என்னும் ஊரில் 1903 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் திரிபுவன்தாஸ் பிறந்தார். குஜராத் வித்யாபீடத்தில் பயின்ற அவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார்.

1945 இல் பம்பாய் நகருக்கு ஆனந்திலிருந்து பால் அனுப்பும் உரிமை போல்சன் என்னும் தனியார் நிறுவனத்திற்குக் கிடைத்தது. இடைத்தரகர் வைத்த விலையே விலையாயிற்று. உழவர்கள் சர்தார் வல்லபாய் படேலை அணுகினர். பாலைத் தாமே திரட்டி விற்கக் கூட்டுறவுச் சங்கம் அமைக்குமாறு அவர் அறிவுறுத்தினார். 1946 ஜனவரியில் சமர்க்கா என்னும் சிற்றூரில் கூடிய உழவர்கள், பால் விற்பனையை நிறுத்துவதென முடிவு செய்தனர். வருவாயை இழந்தும் பதினைந்து நாள்கள் உறுதியாய் நின்றனர். இறுதியில் அரசு இசைந்தது. 1946 டிசம்பர் 14 இல் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவு பெற்றது. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார்.

அவர் ஊர் ஊராகச் சென்று உழவரிடம் பேசினார். ஓரெருமை உடையாரும் பத்தெருமை உடையாரும், எச்சாதியினராயினும், ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றினர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் பாலே சேர்ந்தது. பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. அவற்றைச் சீர்செய்ய, ஆனந்தில் அரசுப் பணியிலிருந்த வர்கீஸ் குரியன் என்னும் இளம் பொறியாளரின் உதவியை நாடினார். ஊரைவிட்டுப் புறப்பட இருந்த குரியனை வற்புறுத்தி ஒன்றியத்திலேயே இருத்தினார்.

குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் கறந்தன. அம்மிகுபாலை வாங்குவார் இலர். எருமைப்பாலைப் பொடியாக்க முடியாதென அக்காலத்து வல்லுநர் பலர் கருதினர். எச். எம். தலாயா என்னும் பால்தொழில் அறிஞர் அதனைச் செய்து காட்டினார். 1955 இல் பால்பொடி ஆலை இயங்கத் தொடங்கியது. கெட்டுப்போகும் பால் அன்றுமுதல் காத்திருக்கக் கற்றது. ஒன்றியத்தின் பொருள்கள் அமுல் என்னும் பெயரில் நாடெங்கும் பரவின.

1963 இல் குரியன், தாரா குரோடி ஆகியோருடன் திரிபுவன்தாஸுக்கு ராமன் மகசேசே விருது வழங்கப்பெற்றது. மறு ஆண்டு பத்மபூஷண் விருது கிட்டியது. எனினும் பதவியைப் பற்றிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. தாமாகவே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது சங்க உறுப்பினர்கள் தலைக்கு ஒரு ரூபாய் திரட்டிப் பணமுடிப்பு அளித்தனர். அவர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. சிற்றூர்த் தாய்மார், குழந்தைகள் ஆகியோரின் உடல்நலம் காக்கும் அறக்கட்டளைக்கு அதனை முதலாக்கினார். 1994 ஜூன் 3 இல் அவர் மறைந்தார். அவ்வறக்கட்டளை அவர் பெயரிலேயே விளங்குகிறது.

வினாக்கள்

1. நெல் விளைவிப்போருக்கு இல்லாத எவ்விடர் பால் உழவருக்கு இருந்தது?
2. பால்பொடி ஆலை அவ்விடரை எவ்வாறு நீக்கியது?
3. பணமுடிப்பைத் திரிபுவன்தாஸ் எவ்வாறு பயன்படுத்தினார்?