பேகன் மலையில் ஒரு பகல்

சென்ற ஆண்டு நம் தமிழ்மன்றத் தொடக்க விழாவில் நடந்த பட்டிமன்றத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடையெழு வள்ளல்களுள் தலைசிறந்தவர் யார் என்பது தலைப்பு. பாரிக்கு வாதாட மூவர் வந்தார்கள், அதியமானுக்கு இருவர். பேகனுக்கு நான் ஒருவனே. மயில் வாய் திறந்து கேட்கவில்லை, கேளாமலே போர்வையைப் போர்த்தினானே, அதுவன்றோ கொடை என்று மேசையைத் தட்டி முழங்கினேன். கைத்தட்டலில் மின்விசிறிகளே ஆடின. நடுவர் தீர்ப்பும் என் பக்கமே சாய்ந்தது. பரிசாகப் புறநானூற்று உரைநூல் ஒன்று கிடைத்தது.

இப்போது ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த நூலை நான் படித்தது பரிசு பெற்ற பிறகுதான். பள்ளிப் பாடநூலில் இருந்த பத்து வரியை வைத்துக்கொண்டே அன்று நான் அரைமணி நேரம் பேசினேன்.

நூலைப் பிரித்துப் பேகனைப் பற்றிய பாடல்களைத் தேடினேன். 141 முதல் 147 வரை ஏழு பாடல்கள் இருந்தன. அவற்றுள் ஐந்து, நான் மேடையில் சொல்லாத பேகனைப் பற்றியவை. படித்து முடித்ததும் நூலை மூடி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் தைத் திங்களில் தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து பழனிமலைக்கு ஒருநாள் சுற்றுலா ஏற்பாடு செய்தன. ஏரியில் படகு விடுவதும் படம் எடுத்துக்கொள்வதும் பிறகு, முதலில் கீழ்மலையில் உள்ள பழங்காலக் கற்திட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் கோடைக்கானல் என்று வரலாற்றுப் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாடகைப் பேருந்தில் 52 பேர் புறப்பட்டோம். விடியற்காலையில் வத்தலக்குண்டில் தேநீர் குடித்தோம். பட்டிவீரன்பட்டியைத் தாண்டியதும் வண்டி மலையேறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. எண்ணிப் பார்த்தேன், வண்டியில் இருந்த போர்வைகள் 17. மயிலுக்கு வேண்டாம், பக்கத்தில் நடுங்கும் நண்பனுக்கு யாராவது ஒருவர் போர்வையை எடுத்துக் கொடுப்பாரா என்று நோட்டமிட்டேன். தாண்டிக்குடி வந்து சேரும்வரை அப்படி ஒரு பேகன் தோன்றவில்லை. என் கம்பளியும் என் மேல்தான் இருந்தது.

தாண்டிக்குடியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர், காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர். ஆண்களைத் தம்பி என்றும் பெண்களைப் பாப்பா என்றும் அழைத்தார். எங்கள் பேராசிரியர்களையும் ஒருமுறை தம்பி என்று அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான் என்று கோயிலைக் காட்டிச் சொன்னார். பிறகு மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கிடையே, காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு எங்களை நடத்திச் சென்றார். அட்டைக்கு உப்பு கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். மழைக்காலம் இல்லையே என்றோம். அட்டைக்குப் பஞ்சாங்கம் தெரியாது தம்பி என்றார்.

ஒரு பாறை மேட்டில் அந்தக் கற்திட்டைகள் இருந்தன. மூன்று பக்கம் பலகைபோன்ற கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே பார்க்க முடியும். சில சரிந்து கிடந்தன. இவற்றை மக்கள் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் ஊருக்கு ஊர் ஒவ்வொரு பெயரால் சொல்வது வழக்கம். உண்மையில் இவை இறந்தோர்க்கு எடுத்த நினைவிடங்கள். தரைக்கு மேல் இருந்தால் கற்திட்டை, மண்ணுக்குள் பெட்டிபோல் அமைந்தால் கற்பதுக்கை என்று பேராசிரியர் விளக்கினார். பழனிமலை முழுவதும் நடந்து இவற்றை ஆராய்ந்தவர்கள் ஆங்கிலேடு, நியூட்டன் என்னும் இரண்டு பாதிரியார்கள். அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழ்ந்து மணிகளையும் மட்கலங்களையும் எடுத்தார்கள். அதே குழு 2009, 2010 ஆண்டுகளில் மலையடிவாரத்துப் பொருந்தலில் ஓர் ஈமக்குழியைத் திறந்தபோது, நான்கு கால் கொண்ட சாடி ஒன்றில் நெல் இருந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதன் காலம் கி.மு. 490 என்று ஆய்வுக்கூடத்தில் கணித்தார்கள். தமிழ் எழுத்தின் தொன்மையைப் பற்றிய பெரிய விவாதமே அந்தக் குழியிலிருந்து கிளம்பியது. ஏனென்றால் நெல்லோடு எழுத்துப் பொறித்த கலத்தாங்கியும் கிடைத்தது.

அப்போது தமிழ்ப் பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேகனுக்காகப் பரிசு வாங்கியவன் இருக்கிறானே, இந்த மலைக்குரியவன் வரலாற்றை அவனே சொல்லட்டும் என்றார். எல்லோரும் பாறையில் அமர்ந்தார்கள். பெரியவரும் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டிமன்றப் பேச்சு எனக்கு அப்படியே மனப்பாடம். அதை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் படித்தபின் அது வாயில் வரவில்லை. சொன்னது இதுதான்.

பேகன் ஆவியர் குடியில் பிறந்தவன். வையாவிக் கோப்பெரும்பேகன் என்பது முழுப்பெயர். ஆவியர் வேளிர். அவர்களுடைய ஊர் பொதினி. அந்தப் பெயரே பழனி ஆயிற்று என்பர். பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடி என்ற பெயரில் அந்தக் குடியின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமூலனார் அகநானூற்றில் இந்தப் பொதினியைப் பாடுகிறார். சாணைக்கல் செய்யும் தொழிலாளியையும் அங்கே காட்டுகிறார். சேரர்கள் ஆவியர் குடியில் பெண் எடுத்தார்கள் என்று பதிற்றுப்பத்துப் பதிகங்கள் கூறுகின்றன. ஆகவே பேகன் ஏதோ ஒரு குன்றின்மேல் குடிசை போட்டிருந்தவன் அல்லன். யானையும் தேரும் படையும் உடையவன்.

ஒருநாள் மலைச்சாரலில் மயில் ஒன்று கூவக் கண்டான். குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் வள்ளல்கள் எழுவரை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது இவனைத்தான். பரணருக்கு இவனிடம் தனி அன்பு. மறுபிறவிக்குப் புண்ணியம் சேர்க்கவா இவன் கொடுக்கிறான், இல்லை, எதிரில் நிற்பவனின் வறுமை ஒன்றையே பார்த்துக் கொடுக்கிறான் என்று அவர் வியக்கிறார். வறண்ட குளத்திலும் வயலிலும் பெய்யும் மழை, ஒன்றும் விளையாத களர்நிலத்திலும் பெய்கிறதல்லவா? அதுபோல் தகுதி பாராமல் கொடுக்கும் பேதைமை இவனுக்கு உண்டு. போர்க்களத்தில் மட்டும் அந்தப் பேதைமை கிடையாது என்கிறார். கொடைமடம் என்று நாம் தேர்வில் எழுதுவது இதைத்தான்.

இங்கே பெரியவர் குறுக்கிட்டார். மயில் குளிரில் நடுங்காது தம்பி, மேகம் கூடினால் தோகையை விரித்துச் சிலிர்க்கும், பெட்டை பக்கத்தில் இருந்தால் இன்னும் சிலிர்க்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மயில் மகிழ்ந்து ஆடியதை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டானா உங்கள் வள்ளல் என்று ஒருவன் கேட்டான். நான் சிரிக்கவில்லை. அடுத்துச் சொல்ல வேண்டியது இருந்தது.

பேகனுக்கு மனைவி ஒருத்தி உண்டு. கண்ணகி என்று பெயர். மதுரையை எரித்த கண்ணகி அல்லள். அவளைப் பிரிந்து, முல்லை வேலி சூழ்ந்த நல்லூர் ஒன்றில் வேறொருத்தியிடம் பேகன் தங்கிவிட்டான். பாரியின் உயிர்த்தோழராகிய கபிலர் ஒருநாள் பேகன் மலைக்கு வந்தார். மழை வேண்டிப் பலியிட்டு, மழை மிகுந்தபின் போதும் என்று வேண்டிப் பலியிட்டு, தினையுண்டு வாழும் குறவர்களின் மலை அது. மலையைப் பாடினார். கேட்டு வெளியே வந்தது வள்ளல் அல்லன், ஒரு பெண். கண்ணீரை அடக்க முடியாமல் புல்லாங்குழல் விம்முவதுபோல் அழுதாள். யார் அவள், இரங்கத்தக்கவள் என்று பேகனிடமே போய்க் கேட்டார் கபிலர். தெரிந்துதான் கேட்டார்.

பரணரும் போனார். மாலையில் யாழெடுத்துச் செவ்வழிப்பண் வாசித்துக் கார்காலத்துக் காட்டைப் பாடினார். மையுண்ட கண்ணில் நீர் ததும்ப நின்றவளை, நீ எங்கள் பேகனுக்கு உறவோ என்று கேட்டார். விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்றாள் அவள். இந்த ஒரு சொல்லைப் படித்த அன்றுதான் நான் நூலை மூடி வைத்தேன்.

பிறகு பரணர் பாடிய பாட்டு, நான் பரிசு வாங்கிய பேச்சுக்கு நேர் விடை. மயில் நடுங்குமே என்று போர்வை கொடுத்த புகழுடையவனே என்றுதான் அவனை விளிக்கிறார். அடுத்த மூச்சிலேயே, பசித்து வரவில்லை, எங்களுக்குக் குடும்பச் சுமையும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் ஒன்றுதான், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்துவிடு என்கிறார். அரிசில்கிழாரோ, உன் அணிகலனும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம், தேரைப் பூட்டு, அவள் கூந்தலில் பூச்சூடட்டும் என்கிறார். பெருங்குன்றூர்கிழார் நேற்றிரவு மழைத்துளி சொட்டும் ஓசையைக் கேட்டுத் தனியே கிடந்தவளைச் சொல்கிறார். நான்கு புலவர்கள். பொன்னுக்காகக் காடும் மலையும் கடந்து வரும் கூட்டம், பொன் வேண்டாம் என்று சொன்ன இடம் இது. நான் அறிந்தவரை சங்கப் பாட்டில் இப்படி ஒரு வேலைநிறுத்தம் வேறெங்கும் இல்லை.

பேகன் தேர் பூட்டினானா? பாட்டு சொல்லவில்லை. 147ஆம் பாடலோடு அவன் வாழ்க்கை நம் பார்வையிலிருந்து மறைகிறது.

நான் முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வரலாற்றுத் துறை மாணவி ஒருவர் எழுந்து, பட்டிமன்றத்தில் இந்தப் பாதியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அப்போது எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. தமிழ்ப் பேராசிரியர்தான் காப்பாற்றினார். நான்கு பேர் பேகனைக் கேட்டார்கள், ஐந்தாவது ஆளாக இந்தப் பெண் உன்னைக் கேட்கிறாள் என்று சிரித்தார். பரிசைத் திருப்பித் தர வேண்டுமா ஐயா என்றேன். வேண்டாம், நூலை நீதான் இப்போது படித்திருக்கிறாயே என்றார்.

பெரியவர் கேட்ட கேள்வி வேறு. இந்த வீடுகளில் அந்த ராசாவின் வீடு எது என்றார். எதையும் அவனுடையது என்று சொல்லச் சான்றில்லை என்று வரலாற்றுப் பேராசிரியர் விளக்கினார். பெரு நாட்டில் மச்சு பிச்சு என்று ஒரு மலை நகரம் இருக்கிறது. ஏறத்தாழ 2430 மீட்டர் உயரத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா அரசர்கள் எடுத்தது. 1911இல் அமெரிக்கப் பேராசிரியர் பிங்காம் அதை உலகுக்கு அறிவித்தார் என்பார்கள். அவருக்கு வழிகாட்டியவர்கள் உள்ளூர் உழவர்களும் ஒரு சிறுவனும்தான். அங்கே சுவரும் படிக்கட்டும் கோயிலும் கல்லுக்குக் கல் பொருந்தி நிற்கின்றன. ஆனால் இன்கா மக்களுக்கு எழுத்து இல்லை. கயிற்றில் முடிச்சிட்டே கணக்கு வைத்தார்கள். அந்த வீடுகளில் எந்த மனைவி அழுதாள் என்று அவர்களே எழுதி வைத்த ஏடு இல்லை. நமக்கு இங்கே பேகனின் ஒரு சுவர்கூட இல்லை. அவன் மனைவி விரலால் கண்ணைத் துடைத்தது மட்டும் இருக்கிறது என்றார் பேராசிரியர். பெரியவர் தலையாட்டிவிட்டு, வெயில் ஏறுது, இறங்குவோம் என்றார்.

பண்ணைக்காடு வழியாகப் பெருமாள்மலை ஏறிச் செண்பகனூர் சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. 1895இல் தோன்றிய திருஇருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பதம்செய்த விலங்குகளையும் பறவைகளையும் கண்டவுடன் நண்பர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கோடைக்கானல் ஏரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. 1863இல் லெவிஞ்சு என்ற ஆங்கில அதிகாரி அமைத்த ஏரி. மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது.

கடைசியாகக் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனோம். இந்து சமயம் தழுவிய ஐரோப்பியப் பெண்மணி லீலாவதி ராமநாதன் 1936இல் எழுப்பிய கோயில். அங்கிருந்து வடக்கே பார்த்தால் பழனி தெரியும் என்றார்கள். நாங்கள் போனபோது மூடுபனி. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைத்துணி கட்டினாற்போல இருந்தது. ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பினார். பாதிப் பேர் வண்டிக்குப் போய்விட்டார்கள். அந்த மாணவி மட்டும் கம்பியருகே நின்றார். நானும் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்துப் பனி ஓரிடத்தில் விலகியது. மிகக் கீழே, சமவெளியில், கோயிலோடு கூடிய சிறு குன்று ஒன்று தெரிந்தது. அதுதானே பொதினி என்றார். ஆம் என்றேன். அங்கிருந்து நல்லூர் எவ்வளவு தூரம் இருக்கும், தேரில் போனால் ஒரே இரவில் திரும்பிவிடலாமா என்று கேட்டார்.

ஓட்டுநர் மூன்றாம் முறை ஒலி எழுப்பினார். என் கம்பளியை அவரிடம் நீட்டினேன். தமக்குக் குளிரவில்லை என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தார்.